கோபத்தோடு வரும் வாடிக்கையாளர்: சிறு கடைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள், மாலை ஐந்து மணி. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, பினாங்கில் இருக்கும் என் தையல்கடைக்கு வந்த ஓர் அம்மா, பட்டு ரவிக்கையைக் கவுண்டர் மேல் போட்டுவிட்டு, "கை ஏறவே இல்ல. இதுக்குத்தான் நூத்தி இருபது வெள்ளி வாங்கினீங்களா?" என்று சத்தம் போட்டார். (வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டை.) கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் ஆர்டர் அட்டையை எடுத்துப் பார்த்தேன். கைச்சுற்று, அவர் அளவுக்குக் கொடுத்த பழைய ரவிக்கையில் இருந்த அதே அளவு. தப்பு எங்களுடையது இல்லை என்பதற்கு ஆதாரம் கையில் இருந்தது. அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டத்தான் கை பரபரத்தது.

நீட்டவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா மண்டபத்துக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டேன். "காலைல ஆறு மணிக்கு. என் மகளுக்குத்தான் கல்யாணம்" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. ரவிக்கையை உட்புறம் திருப்பினேன். கையில் இரண்டு ஓரத்திலும் முக்கால் அங்குலம் துணி விட்டிருந்தோம். பழைய தையலைப் பிரித்து, அரை அங்குலம் தள்ளி ஓட்டி, இஸ்திரி போட்டுக் கொடுக்க 25 நிமிடம் ஆனது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் கல்யாணத்துக்கு வந்துடும்மா" என்றார்.

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் 16 ஆண்டாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். அந்த மாலையிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: கவுண்டரில் வெடிக்கிற சண்டை பெரும்பாலும் ஆர்டர் எடுத்த நாளிலேயே முளைவிட்டுவிடுகிறது. அந்த அம்மாவிடம் விசேஷம் என்றைக்கு என்று அன்றே கேட்டு, ஒரு வாரம் முன்னதாகப் போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருந்தால், அவர் அழுதிருக்க மாட்டார். இங்கே நான் சொல்வது தையல்கடை அனுபவம். கேட்டரிங், மணவறை அலங்காரம், கைப்பேசி ரிப்பேர், அழகு நிலையம் என்று எது செய்தாலும் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: ஆர்டர் எடுக்கும்போதே சண்டைக்கு வழி அடையுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு ஆர்டருக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆனால் பின்னால் வரும் இரண்டு மணி நேரத் தகராறு மிச்சம்.

முதலில் ஓர் அட்டை அடியுங்கள். பெயர், தொலைபேசி எண், அளவு, விலை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் அட்டையில் "விசேஷ நாள்" என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. "எப்போ வேணும்?" என்று கேட்டால் எல்லாரும் "சீக்கிரம்" என்பார்கள். "என்ன விசேஷம், என்னைக்கு?" என்று கேட்டால் உண்மையான தேதி வரும். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போட்டுப் பார்க்கும் நாளைக் குறித்துவிடுங்கள். மூன்று நாள் முன்னால் துணி அவர் வீட்டில் இருக்க வேண்டும். ஒத்துக்கொள்ள முடியாத தேதி என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் வரும் ஆர்டரை விட மனசு வராது. ஆனால் ஏற்றுக்கொண்டு தாமதமாகக் கொடுப்பதைவிட, "இந்த வருஷம் முடியாதுக்கா, மன்னிச்சுக்கங்க" என்று அனுப்புவது நல்லது. அப்படி அனுப்பியவர்களில் பலர் மறு வருஷம் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டார்கள்.

அடுத்தது, அளவு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: "உடம்பில் எடுத்தது", "பழைய ரவிக்கை". உடம்பு மாறும். பிரசவமான பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு முந்தைய ரவிக்கை அளவு ஆகாது. "இது எப்போ தைச்சதும்மா? இப்பவும் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கழுத்து ஆழத்தை வாயால் மட்டும் பேசி முடிக்காதீர்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பார்கள். அந்தப் படத்தை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் டேப்பை அவர் முதுகில் வைத்து, "இவ்வளவு இறங்கும், ஒன்பது அங்குலம், சரியா?" என்று கண்ணாடியில் காட்டுங்கள். படத்தில் பிடித்திருந்தது தன் முதுகில் பிடிக்காமல் போகலாம். அது துணியை வெட்டுவதற்கு முன்னால் தெரிந்துவிடட்டும்.

தொழிலின் உள்விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பருத்தி லைனிங் முதல் தண்ணீரிலேயே சுருங்கும். நனைத்துக் காயவைக்காமல் தைத்துவிட்டால், மேல்துணி அப்படியே இருக்க லைனிங் மட்டும் இழுத்துக்கொண்டு ரவிக்கை நெளியும். வாடிக்கையாளர் கண்ணில் அது மட்டமான தையல். அதனால் லைனிங்கை நாங்கள் முதலிலேயே நனைத்துவிடுகிறோம். அதற்கு ஒரு நாள் கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும். புகாராக வந்தபின் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும், ஆர்டர் எடுக்கும்போது சொன்னால் அனுபவசாலி என்று மதிப்பார்கள்.

பணம்: பாதி முன்பணம், மீதி எடுக்கும்போது. துணி வெட்டியபின் ஆர்டரை நிறுத்தினால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை அட்டையிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் அடித்துவிடுங்கள். நம் கடைக்கு வருபவர் எல்லாரும் தமிழர் இல்லை. அலுவலகத் தீபாவளி விருந்துக்குச் சேலை கட்ட ஆசைப்பட்டு வரும் சீனப் பெண்களும் பஞ்சாபி உடை தைக்க வரும் மலாய்க்காரப் பெண்களும் எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள். கடைசியில் அட்டையில் அவரிடம் கையெழுத்து வாங்கி, அட்டையைப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு இந்த ஒரு பழக்கத்திலேயே எங்கள் கடையில் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இரண்டாம் படி: சத்தம் போடும்போது முதல் ஐந்து நிமிடம்

என்னதான் செய்தாலும் ஒருநாள் யாராவது கத்திக்கொண்டு வருவார்கள். அப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

கையில் இருக்கும் கத்தரி, டேப் எல்லாவற்றையும் கீழே வையுங்கள். வேலை செய்துகொண்டே கேட்டால், தன்னை மதிக்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். அப்புறம் கவுண்டரைச் சுற்றி வெளியே வாருங்கள். நடுவில் ஒரு மேசை இருக்கும் வரை இரண்டு பேரும் எதிரிகள் மாதிரித்தான் நிற்பீர்கள். உட்கார நாற்காலி கொடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். மதிய வெயிலில் பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றி, லெபோ பாசாரில் நடந்து வந்தவருக்குப் பாதி கோபம் அந்த வெயிலால் வந்தது.

பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். "கத்தாதீங்க", "அமைதியா பேசுங்க" என்ற இரண்டையும் சொல்லவே சொல்லாதீர்கள். அதைக் கேட்டு அமைதியானவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர் முடித்ததும், கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "கை இறுக்கமா இருக்கு, நாளைக்குக் காலையில கல்யாணம், இப்போ வேற ரவிக்கையும் இல்ல. அதானேம்மா?" அவர் "ஆமா" என்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மலாய்க்கார வாடிக்கையாளர் என்றால், "மாஃப் காக், சாயா செமாக் டூலு யா" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுங்கள். முதலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்ற அந்த ஒரு வரி உங்களுக்கு யோசிக்க நேரம் வாங்கித் தரும்.

இன்னொன்று. வாடிக்கையாளர் முன்னால் உங்கள் தையல்காரரைத் திட்டாதீர்கள். "இந்தப் பொண்ணுதான் தைச்சுச்சு" என்று கையைக் காட்டிவிட்டால் வாடிக்கையாளர் கோபம் அந்தப் பெண் மேல் திரும்பும்; நாளைக்கு அவள் வேலைக்கு வரமாட்டாள். கடை உங்களுடையது, பதிலும் உங்களுடையது.

மூன்றாம் படி: தப்பு யாருடையது என்று பாருங்கள்

இப்போதுதான் அட்டையை எடுக்க வேண்டும்.

தப்பு நம்முடையது என்றால், ஒரே வாக்கியத்தில் ஒத்துக்கொள்ளுங்கள்: "எங்க தப்புதான்மா, கழுத்து ஒரு அங்குலம் கூடிப் போச்சு." அதற்குப் பின்னால் 'ஆனால்' போட்டு எதுவும் சேர்க்காதீர்கள். பிறகு என்ன செய்வீர்கள், எப்போது தருவீர்கள் என்று சொல்லுங்கள். பிரித்துத் தைக்க முடிந்தால் இலவசமாகத் தைத்துக் கொடுங்கள். துணியே பாழாகிவிட்டால் துணிக்கும் சேர்த்து ஈடு கொடுங்கள். ஒருமுறை இஸ்திரியில் ஒரு பட்டுத்துணியைச் சுட்டுவிட்டோம். அந்தச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணி, வேறெங்கும் கிடைக்காது. தையல் கூலி முழுவதையும் திருப்பிக் கொடுத்து, அதே சாயலில் வேறு பட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தோம். அந்த மாதம் எனக்குக் கை கடித்தது. அந்தக் குடும்பம் இன்னும் எங்களிடம்தான் வருகிறது.

இதில் சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். செய்யும் சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும். நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தப் பொறுப்பை ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டுத் தட்டிக்கழிக்க முடியாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை பல கடைகளில் இருக்கிறது. குறையுள்ள பொருளோடு வரும் வாடிக்கையாளர் முன்னால் அந்தப் பலகை செல்லாது. கழற்றிவிடுங்கள். அதிலும் பினாங்கில் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக மக்களுக்கு அவர்கள் உரிமையைச் சொல்லிக்கொடுத்து வருகிறது. உங்கள் வாடிக்கையாளருக்கு இதெல்லாம் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

மனசு மாறிவிட்டது என்று வருபவர் விஷயம் வேறு. குறையே இல்லாத சேலையை "கலர் மாமியாருக்குப் பிடிக்கல" என்று கொண்டுவந்தால், காசைத் திருப்பித் தரச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது உங்கள் கடை வழக்கம். நாங்கள் ஏழு நாளுக்குள், விலைச்சீட்டோடு, ஃபால்ஸ் தைக்காமல் இருந்தால் வேறு சேலை மாற்றித் தருகிறோம். இப்படி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஆள் பேரம் பேச வேண்டியதில்லை.

தப்பு அவருடையது என்றால் அட்டையைக் காட்டுங்கள், ஆனால் கடைசியாகக் காட்டுங்கள். முதலில் "இதை எப்படிச் சரி பண்ணலாம்னு பார்க்கலாம்" என்ற பேச்சு வரட்டும். பிறகு, "பழைய ரவிக்கை அளவுல தைச்சிருக்கோம் பாருங்கம்மா. பிரிச்சுத் தர பதினஞ்சு வெள்ளி ஆகும், இன்னைக்கே தர்றேன்." மெதுவாகச் சொன்னால் கேட்பார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் வந்த அந்த அம்மாவிடம் நான் காசு கேட்கவில்லை. அது என் முடிவு. எல்லா நேரத்திலும் அப்படிச் செய்தால் கடை நடக்காது.

நான்காம் படி: காசு விஷயத்தில் கறார்

"போலே குராங் கா?" (குறைக்க முடியுமா?) என்று கேட்பதில் தப்பில்லை, அது சந்தைப் பேச்சு. ஒரு முறை சிரித்துக்கொண்டே குறைக்கலாம், அல்லது விலையைத் தொடாமல் ஹூக் வைப்பதையோ ஃபால்ஸ் தைப்பதையோ இலவசமாகச் செய்யலாம். தைத்து முடித்தபின் வந்து குறைக்கச் சொல்பவரிடம், "ஆர்டர்ல எழுதின விலைதாங்க்கா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேரத்துக்கு வழி திறந்துவிடும்.

சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரிடம்தான் நமக்கு வாய் அடைத்துப்போகிறது. "நம்ம ஆளுதானே, அப்புறம் தர்றேன்" என்பார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். என் அப்பாவின் மளிகைக்கடையில் கடன் எழுதி வைக்கும் '555' சிறு நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. அவர் காலமானபோது அந்தக் கடன்களில் பாதிக்கு மேற்பட்டவை வசூலாகாமலே போயின. நான் உறவினருக்கும் முன்பணம் வாங்குகிறேன். தள்ளுபடி கொடுப்பதானால் பத்து விழுக்காடு என்று அட்டையில் எழுதிக் கொடுக்கிறேன். முதல் முறை முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

கியூஆர் கட்டணத்தில் ஒரு எச்சரிக்கை. "அனுப்பிட்டேன்" என்று காட்டும் திரையைப் பார்த்துத் துணியைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் வந்ததா என்று உங்கள் கைப்பேசியில் பாருங்கள். டுயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி மூலம் அனுப்பினால் உடனே வந்துவிடும். வேறு வங்கிக்கு ஐபிஜி என்ற வங்கிப் பரிமாற்ற முறையில் அனுப்பினாலோ, பின்தேதி போட்டு அனுப்பினாலோ உடனே வராது. அதனால் அவரைத் திருடன் போலப் பார்க்காமல், "இன்னும் வரலை தம்பி, எந்த முறையில அனுப்பினீங்கன்னு பார்ப்போமா?" என்று கேளுங்கள். உண்மையிலேயே அனுப்பியவர் மனசு நோகாது. அனுப்பாதவர் தானே வேறு கார்டு எடுப்பார்.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப்பும் கூகுள் விமர்சனமும்

இரவு பதினோரு மணிக்கு நீளமாகக் குரல்பதிவு வரும். அப்போதே பதில் சொல்லாதீர்கள். "பார்த்தேன்மா, காலையில பத்து மணிக்கு நானே கூப்பிடுறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். எழுத்தில் சண்டை வளரும், குரலில் குறையும். பேசி முடித்ததும், என்ன முடிவானது என்பதை இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

கூகுளில் ஒரு நட்சத்திரம் விழுந்தால் வயிறு எரியும். எங்களுக்கு ஒருமுறை "மோசமான கடை, போகாதீர்கள்" என்று வந்தது. எழுதியவர் சேலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர். மூன்று பத்தி பதில் எழுதி வைத்திருந்தேன், மறுநாள் அழித்துவிட்டு இதைப் போட்டேன்: "வணக்கம். உங்களுக்கு நல்ல அனுபவம் கிடைக்காததற்கு வருந்துகிறோம். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். கடை எண்ணுக்கு அழையுங்கள், உரிமையாளரே பேசுவார்." அந்தப் பதிலைப் படிக்கப் போவது அவர் மட்டும் இல்லை, அடுத்து வரப்போகும் நூறு பேர். வாடிக்கையாளரின் உடல் அளவு, வீட்டு விசேஷம், கடன் எதையும் பதிலில் எழுதவே கூடாது. கேமராவில் பதிவான அவர் முகத்தை ஃபேஸ்புக்கில் போட்டு அவமானப்படுத்துவதும் அப்படித்தான். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். திருட்டு, மிரட்டல் என்றால் பதிவைப் போலீசிடம் கொடுங்கள்.

ஆறாம் படி: டிரிபியூனல் கடிதம் வந்தால்

பயப்படாதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இதே 1999 சட்டத்தின்கீழ் அமைந்தது. வாடிக்கையாளர் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். உங்களுக்கு நகல் கிடைத்த 14 நாளுக்குள் எதிர்வாதப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு வரவேண்டிய பணம் இருந்தால் அதையும் அதிலேயே கேட்கலாம். பொதுவாக இரண்டு பக்கமும் வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். கையெழுத்துப் போட்ட அட்டை, வாட்ஸ்அப் பதிவு, ரசீது, துணியின் படம் எல்லாம் அன்றைக்குத்தான் கை கொடுக்கும். என்ன ஆனாலும் விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடலாம். அதற்கு முன்பே சமாதானமாகப் பேசித் தீர்க்க முடிந்தால், அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

ஏழாம் படி: எங்கே நிறுத்த வேண்டும்

கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வேலைக்கு வரும் பெண்ணைக் கெட்ட வார்த்தையால் பேசுவதையும், இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசுவதையும் கை நீட்டுவதையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை சொல்லுங்கள்: "உங்க குறையை நான் கேக்குறேன். என் பிள்ளைங்களைத் திட்டினா என்னால உங்களுக்கு உதவ முடியாது." மறுபடியும் நடந்தால், முன்பணத்தில் திருப்ப வேண்டியதைத் திருப்பிக் கொடுத்து, துணியையும் கொடுத்து, "வேற கடையில தைச்சுக்கங்க" என்று அனுப்பிவிடுங்கள். மிரட்டினால் 999, பிறகு பக்கத்து போலீஸ் நிலையத்தில் புகார். வேலையாட்களுக்கும் இந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் வந்தால் அவர்களாகப் பேசி மல்லுக்கட்டாமல், உங்களைக் கூப்பிட வேண்டும்.

கத்திவிட்டுப் போனவர் எல்லாரையும் இந்தப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள். 16 ஆண்டில் நான் இப்படி அனுப்பியது நான்கு பேரை மட்டும்தான்.

கடை மூடும் முன்

அன்றைக்குச் சண்டை நடந்திருந்தால், ஷட்டரை இறக்குவதற்கு முன் தையல்காரரோடு ஒரு தேத்தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடியுங்கள். திட்டு வாங்கியது அவரும்தான். அப்புறம் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன புகார், எந்தக் கட்டத்தில் தவறியது, அட்டையில் எதைச் சேர்த்தால் அடுத்த முறை வராது. எங்கள் அட்டை முதலில் ஏழு வரி. இன்றைக்கு இருபத்திரண்டு வரி. அதில் இருக்கும் "விசேஷ நாள்" கட்டம், அந்த அம்மா ஃபெரிக்குக் கிளம்பிப் போன இரவில் நான் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தது.